அட்டையும் அறிவும்: கடலில்லா ஊரிலிருந்து கடலடிக்குச் செல்வோர் கேட்க வேண்டிய கேள்வி

(நீள்பதிவு. முழுவதும் படித்தபின் மறுப்போர் மறுக்கலாம்.)

ஸ்கூபா முக்குளிப்பு கற்க விரும்பும் புதியவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: 'பாடி' சான்றிதழ் சிறந்ததா, எஸ்.எஸ்.ஐ. சான்றிதழ் சிறந்ததா? அடுத்த கேள்வி, எங்கே கட்டணம் குறைவு. அதற்கடுத்தது, எத்தனை நாளில் முடியும். இம்மூன்றும் தவறான கேள்விகள். இவற்றைக் கேட்கப் பழக்கியது சான்றிதழ் வணிகம் மட்டுமன்று. பட்டத்தை அறிவெனக் கொள்ளப் பழக்கிய நம் கல்வி முறைக்கும் அதில் பங்குண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கற்பிக்கப்போகிறவர் யார்? அவர் சொல்லும் எச்சரிக்கை, கற்பவருக்கு உள்ளபடியே புரியும் மொழியில் சொல்லப்படுமா? புரிந்துவிட்டதா என்பதை அவர் சோதிப்பாரா, அல்லது கையொப்பம் வாங்கிக்கொண்டு அடுத்தவரை அழைப்பாரா?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இக்கேள்வி தனிக் கூர்மையுடையது. சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூரின் தென்பகுதி அதனுடன் சேர்ந்ததால் ஸ்ரீஹரிக்கோட்டாவும் பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதியும் அதன் எல்லைக்குள் வந்தன. ஆயினும் ஆழமற்ற உப்பங்கழியும், ஏவுதளக் காவலுக்குட்பட்ட கரையும் முக்குளிப்பு பயிலும் இடங்கள் அல்ல. ஆதலின் இப்பகுதி மாணவர் பெருநகரத்தை நாடுகிறார். கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு. சென்னைக்குக் கடல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவுக்குக் கடலே இல்லை. ஆனால் சான்றிதழ் வகுப்புகள் இரு நகரங்களிலும் விற்கப்படுகின்றன.

கடலில்லா நகரில் கடற்பயிற்சி விற்பது மோசடி என்று சிலர் எள்ளுவர். அது சரியன்று. தொடக்கநிலைப் பயிற்சி மூன்று கூறுகளை உடையது: கோட்பாடு, நீச்சல்குளம் போன்ற அடைபட்ட நீரில் பயிற்சி, திறந்த நீரில் நான்கு முக்குளிப்புகள். முதலிரண்டையும் ஓர் ஊரிலும் மூன்றாவதைப் புதுச்சேரியிலோ, முருடேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவிலோ, அந்தமானிலோ முடிக்க விதிகளே இடமளிக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குளத்தில் கற்பித்தவர் ஒருவர். கடலில் இறக்குபவர் மற்றொருவர். முதலாமவர் "கற்பித்தாயிற்று" என்று தாளில் எழுதுகிறார். இரண்டாமவர் அத்தாளை நம்புகிறார். இடையில், கற்பவருக்குப் புரிந்தது என்ன என்பதை எவரும் பார்த்ததில்லை. தாள் தாளுடன் பேசிக்கொள்கிறது. மாணவர் ஊமையாக நடுவில் நிற்கிறார். ஆய்வேட்டு அத்தியாயத்தைத் திறந்தும் பாராமல் கையொப்பமிடும் நெறியாளரை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

முதலில் நிறுவனப் பெயர் பற்றிய சண்டையை முடித்துவிடலாம். வழக்கில் 'பாடி' எனப்படும் பி.ஏ.டி.ஐ. 1966-இல் அமெரிக்காவில் தோன்றியது. எஸ்.எஸ்.ஐ. 1970-இல் அங்கேயே தோன்றியது. உலக நீரடிக் கூட்டமைப்பான சி.எம்.ஏ.எஸ். 1959-இல் உருவானது, மூச்சுக்கருவியின் வரலாற்றில் நீங்காப் பெயரான ஜாக் கூஸ்தோ அதன் முதல் தலைவர். இவற்றின் தொடக்கநிலைச் சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பொது அளவுகோல் உண்டு. ஐ.எஸ்.ஓ. 24801 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் இரண்டாம் பகுதி, பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பின்றித் துணையாளருடன் முக்குளிக்கும் தகுதி யாது என வரையறுக்கிறது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் தம் பாடத்திட்டத்தை அந்த வரையறைக்குள்ளேயே அமைத்திருக்கின்றன. ஓர் அட்டையைக் காட்டிச் செல்லக்கூடிய இடத்துக்கு மற்றோர் அட்டையைக் காட்டியும் செல்லலாம். பாடநூலின் வண்ணமும் தேர்வின் வடிவமும் வேறுபடும். நீரின் அழுத்தம் வேறுபடாது. எனவே, எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதும் வீண்.

ஆனால் அந்நிறுவனங்கள் தம் படிநிலைகளுக்குச் சூட்டியிருக்கும் பெயர்களை மொழியியல் பயின்றோர் கவனிக்காமல் விடலாகாது. சில மையங்கள் 'டிஸ்கவர்' என்னும் அனுபவ முக்குளிப்பைப் பயிற்சி வகுப்பு போலவே விளம்பரப்படுத்துகின்றன. அது சான்றிதழ் தரும் பயிற்சியே அன்று. பி.ஏ.டி.ஐ. படிநிலையில் 'ஸ்கூபா டைவர்' என்றொரு சான்றிதழ் உண்டு. பொதுப்பெயராக ஒலிப்பதால் அதுவே முழுத்தகுதி என்று புதியவர் எண்ணுவார். உண்மையில் அது அரைத்தகுதி: கடலில் இரண்டே முக்குளிப்புகள், 12 மீட்டர் எல்லை, அதுவும் வழிநடத்துநரின் கண்பார்வையில் மட்டும். முழுத் தொடக்கத்தகுதிக்குப் பெயர் 'ஓப்பன் வாட்டர் டைவர்'. நான்கு முக்குளிப்புகள், 18 மீட்டர் எல்லை. அதற்கு மேற்பட்டது 'அட்வான்ஸ்டு'. இச்சொல்லைக் கேட்டவர் பல்லாண்டு தேர்ச்சியை நினைப்பார். அதற்கு வேண்டியவை இன்னும் ஐந்து முக்குளிப்புகள். ஆக, வாழ்நாளில் ஒன்பது முறை கடலில் மூழ்கியவர் 'மேம்பட்டவர்' ஆகி 30 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெறுகிறார். 'மாஸ்டர் ஸ்கூபா டைவர்' என்பது தொழில்முறைத் தகுதி அன்று. 'டைவ்மாஸ்டர்' என்பதே தொழில்முறைத் தகுதி. சொற்களை இடம் மாற்றினால் தகுதியும் மாறிவிடுகிறது. பெயர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்பவர் தாமே தவறாகப் புரிந்துகொள்ள வசதியாக அமைந்திருக்கின்றன. குறைந்த கட்டணத்தைத் தேடுகிறவர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்: மலிவாகக் கிடைத்தது முழுப் பயிற்சியா அரைப் பயிற்சியா என்பதை, அட்டை கைக்கு வந்தபின் அறிகிறார்.

இனி வாதத்தின் மையத்துக்கு வரலாம். மூச்சுக்கருவி முக்குளிப்பின் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. எந்த நிறுவனத்தின் பாடநூலைத் திறந்தாலும் இதுவே தலையாயது. இதன் காரணம் பள்ளி இயற்பியல். கடல்மட்டத்தில் வளியழுத்தம் 1 எனின், 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2. அங்கே கருவியிலிருந்து இழுத்த மூச்சு அந்த அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், பாயில் விதிப்படி அதன் கன அளவு இருமடங்காகும். நுரையீரல் இருமடங்கு விரியாது, கிழியும். இதற்குப் பெருங்கடலும் வேண்டா. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சல்குளமே போதும்.

இவ்விதியை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக மனப்பாடம் செய்வது எளிது. தேர்வுத்தாளில் சரியான கட்டத்தைக் குறிப்பதும் எளிது. ஆனால் சித்தூரின் தமிழ் வீட்டில் பிறந்து, தெலுங்குப் பள்ளியில் படித்து, ஆங்கிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஒருவரின் மனத்தில் நீரில் மூழ்குதல் என்னும் வினை எப்படிப் பதிந்திருக்கிறது? முங்கு, முக்குளி, மூழ்கு என்று தமிழில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் உடன்வரும் செயல் மூச்சடக்குதல். கிணற்றிலும் ஏரியிலும் 'தம் கட்டி' எவ்வளவு நேரம் இருப்பாய் என்பதே சிறுவர் பந்தயம். பெருமுயற்சியைக் குறிக்கவே 'மூச்சைப் பிடித்துக்கொண்டு' என்கிறோம். தெலுங்கிலும் அச்சமோ பரபரப்போ வரும்போது 'ஊபிரி பிகபட்டு' என்பர். அதுவும் மூச்சை இறுக்கிப் பிடித்தலே. யோகம் பயின்றவருக்குக் கும்பகம் ஒரு பெருமை. ஆக, நீர், அச்சம், முயற்சி, கட்டுப்பாடு ஆகிய நான்கும் மூச்சடக்குதலோடு பின்னிக்கிடக்கும் மனத்துக்கு, அதற்கு நேர்மாறான விதி அயல்மொழியில் ஒரே ஒரு முறை சொல்லப்படுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் முகக்கவசத்துக்குள் நீர் புகும் கணத்தில் எது முந்தும்? தேர்வுத்தாளின் ஆங்கில வாக்கியமா, ஏரிக்கரையில் உடல் கற்ற பழக்கமா?

இதை அறிந்த பயிற்றுநர், "நீங்கள் இதுவரை நீரில் கற்றது ஒன்று, இங்கே அதை மறக்க வேண்டும்" என்று தொடங்குவார். கற்பவரின் பழைய சொல்லை எடுத்து, அதை உடைத்து, புதிய பழக்கத்தைக் குளத்தில் மீண்டும் மீண்டும் செய்யவைப்பார். அறியாதவர் ஒளிப்படக் காட்சியை ஓட்டிவிட்டு வினாத்தாளை நீட்டுவார். இருவரும் ஒரே அட்டையைத்தான் வழங்குகிறார்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு திருப்பதிக்கே உரியது. முக்குளித்தபின் விமானத்தில் பறப்பதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்பது எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆழத்தில் உடலின் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குமுன் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால் அது குமிழ்களாகலாம். முக்குளிப்போர் பாதுகாப்பு வலையமைப்பான டான் தரும் பரிந்துரை, படிப்படியான அழுத்தத் தளர்ச்சி தேவைப்படாத ஒற்றை முக்குளிப்புக்குப்பின் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பலமுறையோ பல நாளாகவோ முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம். இப்பரிந்துரை பொருந்தும் உயர வரம்பு ஏறத்தாழ 600 மீட்டரில் தொடங்கி 2,400 மீட்டர் வரை செல்கிறது.

திருமலையின் உயரம் ஏறத்தாழ 850 மீட்டர். அங்கே வளியழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னைக் கடலில் காலையில் இருமுறை மூழ்கி, மாலையில் ஊர் திரும்பி, "சான்றிதழ் கிடைத்தது, சுவாமியைப் பார்த்துவிடலாம்" என்று மலைப்பாதையில் பேருந்து ஏறும் மாணவரை நினைத்துப் பார்க்கலாம். அவர் விமானம் ஏறவில்லை. பாடநூலில் படித்த விதியை மீறியதாகவும் அவருக்குத் தோன்றாது. அலிபிரிப் படிகளில் நடந்தே ஏறினால், முக்குளித்தபின் தவிர்க்கச் சொல்லும் கடும் உடலுழைப்பும் சேர்ந்துகொள்கிறது. நேத்ராணியில் மூழ்கிவிட்டு இரவுப் பேருந்தில் பெங்களூரு திரும்புவோரின் நிலையும் இதுவே. மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி மலைக்கு உலாச் செல்வோர்க்கு உயரம் இன்னும் கூடுதல். இது விமான அறையின் அழுத்தக் குறைவைவிடச் சிறியது; ஏறியவருள் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேராமற்போகலாம். ஆனால் விதியின் பொருள் விமானத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர் மட்டுமே மலையடிவாரத்தில் நின்று கடிகாரம் பார்ப்பார். 'விமானம்' என்ற சொல்லை மனப்பாடம் செய்தவர் பார்க்கமாட்டார். பாடநூல் எழுதியவருக்குத் திருமலை தெரியாது. பயிற்றுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம், "நாளை எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்கவாவது வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பயிற்றுநர், விளம்பரத் தட்டியில் ஐந்து விண்மீன்கள் பொறித்த மையத்தைவிட மேலானவர்.

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது: கடலடியில் யாரும் பேசுவதில்லை, சைகைகள் உலகப் பொது, ஆதலின் மொழி ஒரு பொருட்டன்று. கடலடியில் பேச இயலாது என்பதே, பேச வேண்டியதெல்லாம் கரையிலேயே பேசி முடிக்கப்பட வேண்டும் என்பதற்கான காரணம். அச்சைகளும் இயல்பாக வருவன அல்ல. கைபேசியில் நாள்தோறும் பலமுறை நாம் அனுப்பும் உயர்த்திய கட்டைவிரலுக்கு நம் வழக்கில் 'சரி' என்று பொருள். நீருக்குள் அதே சைகைக்கு 'மேலே போகலாம், முக்குளிப்பை முடிப்போம்' என்று பொருள். 'சரி' என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். தலையசைத்தே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் நம் பழக்கம் அங்கே செல்லாது. கேள்விச் சைகைக்கு விடைச் சைகை வந்தே ஆக வேண்டும். இது ஒரு மொழி. எந்த மொழியையும்போல இதையும் முன்னறிந்த மொழியின் குறுக்கீட்டை நீக்கித்தான் கற்க வேண்டும். சைகைப் படத்தை ஒருமுறை காட்டுவது, அகராதியைக் கையில் கொடுத்துவிட்டு மொழி கற்பித்தாயிற்று என்பதற்கு ஒப்பாகும்.

இதே மூச்சில் நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தாய்மொழியில் கற்பித்தல் என்றதும் கலைச்சொல்லாக்கக் குழு அமைக்க ஓடுவோர் உண்டு. ரெகுலேட்டரை ரெகுலேட்டர் என்றே சொல்லலாம். டேங்க்கை டேங்க் என்றே சொல்லலாம். அவற்றுக்குத் தூய சொல் படைப்பதால் ஒருவர் உயிரும் பிழைக்காது. தமிழிலோ தெலுங்கிலோ விளக்கப்பட வேண்டியது கருவியின் பெயரன்று. 'ஏன்' என்பதும், 'இல்லையெனில் என்னவாகும்' என்பதுமே. ஆங்கிலம் நன்கறிந்தவருக்கு ஆங்கிலத்திலேயே அது நிகழட்டும். எந்த மொழியாயினும் அளவுகோல் ஒன்றே: கற்பவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிகிறதா?

இரண்டாவது மறுப்பு மரபின் பெயரால் வருவது. கொற்கையில் முத்துக்குளித்த இனத்துக்கு அமெரிக்க அட்டை எதற்கு என்பது அது. பெருமை நியாயமானது, வாதம் பொருந்தாதது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் கல்லின் எடையால் இறங்கிய குளியாளிகள் மேற்பரப்பில் இழுத்த மூச்சையே கொண்டுசென்றனர். இறங்கும்போது அது சுருங்கியது. ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பியது. அவர்களுக்கு மூச்சடக்குதலே கலை. மூச்சுக்கருவியுடன் இறங்குபவருக்கு அதுவே கேடு. மரபறிவு இங்கே உதவாதது மட்டுமன்று, தலைகீழாக்கப்பட வேண்டியதும்கூட.

எனினும் அம்மரபிடம் கற்க வேண்டியவை இரண்டு உண்டு. குளியாளியின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருந்தது. அதனால்தான் அக்கயிற்றை மைத்துனனிடம் கொடுப்பர், தமக்கையோ தங்கையோ கைம்மை அடைவதை அவன் பொறான் என்று நெய்தல் நில வாய்மொழி சொல்கிறது. அது வரலாறாயினும் கதையாயினும், அதன் தேர்வுமுறை தெளிவானது. அவர்கள் படகின் பெயரைப் பார்த்துக் கடலில் இறங்கவில்லை. கயிறு பிடிப்பவனைப் பார்த்து இறங்கினர். மற்றொன்று, கடற்கட்டி. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் இவர். ஆங்கிலேய அரசே இவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. இவர் இன்றிக் குளியாளிகள் இறங்க மறுத்ததே காரணம். தூத்துக்குடியில் 1961-க்குப்பின் அரசின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கடற்கட்டியின் பதவியும் போயிற்று. ஆனால் மந்திரம் போகவில்லை. பையில் ஓர் அட்டை இருந்தால் கடல் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அதன் மறுபிறப்பு. கடற்கட்டியாவது நாள்தோறும் கரைக்கு வந்து மந்திரம் சொன்னார். அட்டை வழங்கியவர் அதன்பின் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. உதவித்தொகையில் வாழும் மாணவருக்குக் காசும் காலமும் குறைவு; மலிவானதையும் விரைவானதையும் தேடுவது குற்றமா? குற்றமன்று. ஆனால் மலிவு எது என்பதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். அறிவிக்கும் தொகையில் இணையப் பாடக் கட்டணம், கருவி வாடகை, படகுச் செலவு, சான்றிதழ்ப் பதிவுத்தொகை ஆகியவை அடங்குமா, ஒரு திறன் கைவராவிடில் கூடுதல் பயிற்சிக்கு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். விரைவைப் பொறுத்தவரை, 2008-இல் வெளியான ஓர் ஆய்வு பொழுதுபோக்கு முக்குளிப்பில் நேர்ந்த 947 இறப்புகளை ஆராய்ந்தது. தூண்டுகாரணம் கண்டறியப்பட்டவற்றுள் 41 விழுக்காட்டில் அக்காரணம் மூச்சுக்காற்று போதாமையே. சுறா அன்று, கருவிக் கோளாறும் முதன்மையன்று, அழுத்தமானியை உரிய நேரத்தில் பாராமையும் அதன் விளைவும். அழுத்தமானியைப் பார்ப்பது அறிவன்று, பழக்கம். பழக்கத்தை வார இறுதியின் இரு பகல்களுக்குள் அடைக்க எவராலும் முடியாது. நாட்களைக் குறைக்கும் மையம் குறைப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

அப்படியாயின் பணம் கட்டுமுன் என்ன செய்ய வேண்டும்? மையத்துக்கு நேரில் சென்று, விற்பனை மேசையில் இருப்பவரிடமன்றிப் பயிற்றுநரிடம் பேச வேண்டும். குளத்தில் கற்பிப்பவரே கடலுக்கும் வருவாரா என்று கேட்க வேண்டும். கடலில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். விதி எட்டுப் பேர் வரை இடமளிக்கலாம், ஆனால் கலங்கிய வங்கக் கடலில் புதியவர் எட்டுப் பேரை ஒருவர் பார்த்துக்கொள்வது விதிக்குப் பொருந்துமேயன்றி அறிவுக்குப் பொருந்தாது. நீச்சல் சோதனை உண்மையில் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். 200 மீட்டர் நீந்துதலும் 10 நிமிடம் மிதத்தலும் தொடக்கநிலையின் கட்டாயத் தேவைகள். "நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்பது அனுபவ முக்குளிப்புக்குரிய விளம்பர வாசகம். சான்றிதழ் வகுப்பில் அதைச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். மருத்துவ வினாப்படிவத்தை எப்படி நிரப்பச் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை, இதயக் கோளாறு ஆகியவற்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் ஒப்புதல் வேண்டும். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று சொல்பவர் கற்பிக்கும் முதல் பாடமே பொய். கடல் எந்த மாதத்தில் இறங்கத்தக்கது என்று கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சோழமண்டலக் கரையும், தென்மேற்குப் பருவமழையில் நேத்ராணியும் புதியவருக்குரியவை அல்ல. விபத்து நேர்ந்தால் படகில் ஆக்சிஜன் உண்டா, அருகிலுள்ள உயரழுத்த மருத்துவ அறை எங்கே என்று கேட்க வேண்டும். இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் மையம், தன் விடையைச் சொல்லிவிட்டது.

கடைசியாக, பல்கலைக்கழகங்களுக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகளை ஆய்வதற்கும், பூம்புகாரின் கடலடியை அறிவதற்கும் மாணவரை ஊக்குவிக்கிறோம். விண்ணப்பத்தில் 'முக்குளிப்புச் சான்றிதழ் இணைக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கிறோம். அச்சான்றிதழை எங்கே, எப்படி, யாரிடம் பெறுவது என்பதை மாணவரின் பணப்பையிடமும் கூகுள் மதிப்பீடுகளிடமும் விட்டுவிடுகிறோம். பொழுதுபோக்கு அட்டை அறிவியல் பணிக்குரிய தகுதியன்று. அமெரிக்கக் கல்விசார் நீரடி அறிவியல் கழகம் தன் அறிவியல் முக்குளிப்பாளருக்குக் கேட்பது 100 மணி நேரப் பயிற்சியும், கண்காணிப்பில் 12 திறந்தநீர் முக்குளிப்புகளும். நாம் கேட்பது நான்கு முக்குளிப்புகளின் ஒளிநகல். அந்நான்கில் மாணவர் மிதக்கவே அப்போதுதான் கற்றிருப்பார். அவர் கையில் எழுதுபலகையையும் அளவுநாடாவையும் கொடுத்துத் திட்டின்மேல் இறக்கினால், தரவும் நம்பத்தகாது, பவளமும் உடையும், உயிருக்கும் உறுதி இல்லை. கடற்கரை நகரத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பதினைந்து வயதில் அந்தமானில் கற்றுவிடுகிறது. குப்பத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் வரும் முதல் தலைமுறை ஆய்வாளர் இருபத்தைந்து வயதில், கடன் வாங்கி, இரண்டு நாளில் கற்கிறார். இருவரின் அட்டையும் ஒரே நிறம். அட்டையை மட்டும் பார்க்கும் நிறுவனம் இந்த ஏற்றத்தாழ்வைக் காண மறுக்கிறது. காண மறுத்துவிட்டு அதற்குச் சமவாய்ப்பு என்று பெயரும் சூட்டுகிறது.

துறைகள் செய்யக்கூடியது பெரிதன்று. கடலாய்வுக்கு மாணவரை அனுப்பும் துறை அப்பயிற்சிக்கான செலவை ஆய்வு நிதியிலிருந்தே தரட்டும். அட்டையுடன் முக்குளிப்புக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். களத்துக்கு அனுப்புமுன் மாணவரை அமரவைத்து, மூச்சை ஏன் அடக்கலாகாது, இன்று மூழ்கியவர் இன்றே ஏன் திருமலை ஏறலாகாது என்ற இரண்டையும் அவர் தாய்மொழியில் விளக்கச் சொல்லட்டும். விளக்க முடிந்தவர் செல்லட்டும். முடியாதவருக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அதை வழங்கியவரிடமே அனுப்பட்டும்.